பிளந்ததா, தேய்ந்ததா? கொங்கு மலைகளுக்குச் சொல்லப்படும் இரண்டு காரணங்கள்

பெருந்துறையை நடுவில் வைத்து வரைபடத்தில் ஒரு பெரிய வட்டம் போட்டுப் பாருங்க. தெற்கே சென்னிமலை. அதைத் தாண்டி காங்கேயம் பக்கம் சிவன்மலை. வடகிழக்கில் காவிரிக்கு அந்தப் பக்கம் சங்ககிரி. வடமேற்கில் பவானிசாகருக்குப் பின்னால் சுவர் மாதிரி நீலகிரி. மேற்கே போனால் மலையே இல்லாத ஒரு வாசல், பாலக்காட்டுக் கணவாய். நடுவில் கோவையிலிருந்து ஈரோடு வரை கிழக்கே மெதுவாக இறங்கும் மேட்டாங்காடு. கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. ஈரோட்டில் காவிரிக்கரை 200 மீட்டருக்கும் கீழே.

இந்த மலை ஏன் இங்கே நிற்கிறது, அங்கே ஏன் நிற்கவில்லை? கேட்டால் இரண்டு பதில் கிடைக்கும். "பூமி பிளந்து ஒரு பக்கம் ஏறிடுச்சு, ஒரு பக்கம் இறங்கிடுச்சு" என்பது ஒன்று. "கெட்டிக் கல்லு நின்னுடுச்சு, சொத்தைக் கல்லு கரைஞ்சுடுச்சு" என்பது இன்னொன்று. டீக்கடைப் பேச்சு மாதிரி தெரிந்தாலும் இரண்டுக்கும் படித்த பெற்றோர் உண்டு. முதல் பதிலுக்கு நான் எடுத்துக்கொண்டது பி.பி. ராதாகிருஷ்ணா 1993-இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை. இந்தியத் தீபகற்பம் நியோஜீன் காலத்தில் உயர்ந்தது, அதனால் நிலவடிவங்கள் புத்துயிர் பெற்றன என்பது அதன் வாதம். இரண்டாவதுக்கு யானி கன்னல், லூஷே இருவரும் 2000-இல் வெளியிட்ட கட்டுரை. தென்னிந்தியா, இலங்கை இரண்டிலும் உள்ள சார்னோகைட் பாறைகளை வைத்துப் பாறைக் கடினத்தைப் பற்றிப் பேசுவது அது.

இரண்டையும் பெருந்துறையில் உட்கார்ந்துகொண்டு உரசிப் பார்ப்பதுதான் இந்தக் குறிப்பு. வெறும் அறிவுச் சண்டை இல்லீங்க. இந்தக் கேள்விக்கு நாம் சொல்லும் பதில் மலையோடு நிற்பதில்லை, போர்வெல் குழிக்குள்ளேயும் இறங்குகிறது. கடைசியில் அதற்கு வருகிறேன்.

முதலில் கல்லைப் பார்ப்போம்

கொங்குப் பாறைகளின் கதையில் தாமஸ் ஹாலந்து பெயரைத் தவிர்க்க முடியாது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்தவர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் கல்லறையில் இருந்த கருங்கல், சென்னை பரங்கிமலைப் பக்கத்துக் கல் என்று கண்டு, அந்த வகைப் பாறைக்கு 'சார்னோகைட்' என்று பெயர் வைத்தார். அதைப் பற்றிய அவருடைய பெரிய அறிக்கை 1900-இல் வந்தது. அடுத்த ஆண்டே, 1901-இல், அவர் எழுதியது நம்ம சிவன்மலையைப் பற்றி. அங்கே இருப்பது நெஃபலின் சயனைட் என்ற அபூர்வமான பாறை. குவார்ட்ஸ், அதாவது நம்ம ஊர் வெங்கச்சாங்கல், அதில் இருக்காது. அந்தத் தொகுதியில் குருந்தக்கல் கிடைக்கும்.

இன்றைக்குத் தெரிந்த வயதுகளை வைத்து ஒரு பட்டியல் போட்டால் இப்படி வரும். நீலகிரியின் சார்னோகைட் சுமார் 250 கோடி ஆண்டு. சிவன்மலைச் சயனைட் சுமார் 60 கோடி. சங்ககிரிக் கிரானைட் 50 முதல் 55 கோடிக்குள். சமவெளியின் பெரும்பகுதி நைஸ் பாறை. கறுப்பும் வெளுப்புமாகக் கோடு கோடாக இருக்குமே, காட்டுக்குக் கல்கால் நடுவார்களே, அந்தக் கல்.

இன்னொன்றையும் மனசில் வைக்க வேண்டும். நீலகிரிப் பாறையில் இருக்கும் கார்னெட் போன்ற கனிமங்கள் பூமிக்குள் 20, 30 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தத்தில்தான் உருவாகும். அப்படியென்றால் தொட்டபெட்டாவில் நாம் காலால் மிதிக்கும் கல்லுக்கு மேலே ஒரு காலத்தில் அத்தனை கிலோமீட்டர் பாறை இருந்து, எல்லாம் தேய்ந்து போயிருக்கிறது. இப்போது நிற்கும் 2,637 மீட்டர் அதற்கு முன்னால் ஒரு மிச்சம்.

"பிளந்தது" என்பவர்கள்

நீலகிரியின் வடக்கு ஓரத்தை மாயாறு நேர்கோடு பிடித்தது போல அறுத்துக்கொண்டு போகிறது. தென்கிழக்கு ஓரத்தில் பவானி, அட்டப்பாடிப் பக்கமிருந்து மேட்டுப்பாளையம் நோக்கி வருகிறது. இரண்டு ஆறுகளும் பவானிசாகரில் சேருகின்றன. இரண்டு ஆறுகளின் பாதையிலும் பெரிய ஷியர் ஜோன்கள் இருக்கின்றன. நான் இதை நசுக்குப் பட்டை என்று சொல்கிறேன். இரண்டு பெரிய பாறைத் துண்டுகள் ஒன்றை ஒன்று உரசி நகர்ந்தபோது நடுவில் அகப்பட்டு நசுங்கி, இழுபட்டு, இலை இலையாக மாறிய பாறைப் பட்டை அது. 1980-இல் ட்ரூரி, ஹோல்ட் இருவரும் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை வைத்துத் தென்னிந்தியாவின் இந்தப் பட்டைகளை வரைந்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்த யாருக்கும் "ஆகா, மலை இந்தக் கோட்டில்தான் உடைந்து எழுந்திருக்கிறது" என்றுதான் தோன்றும்.

ராதாகிருஷ்ணாவின் கட்டுரை இதற்கு வயது கொடுத்தது போல ஆனது. பெங்களூரில் இந்தியப் புவியியல் கழகத்தைக் கட்டி வளர்த்தவர் அவர். தீபகற்பம் செத்த நிலம், கோடிக்கணக்கான ஆண்டாக அசையாமல் கிடக்கிறது என்ற பழைய பாடத்தை எதிர்த்தார். கடந்த 2.3 கோடி ஆண்டுகளுக்குள் நிலம் உயர்ந்திருக்கிறது, ஆழமான பள்ளத்தாக்குகளும் அருவிகளும் அதற்குச் சாட்சி என்றார். இந்தக் கட்டுரையின் பலம் அது கேட்கும் கேள்வி. இத்தனை பழைய நிலம் தேய்ந்து தட்டையாகாமல் இன்னும் ஏன் இவ்வளவு உயரத்தில் இருக்கிறது? இந்தக் கேள்வியைத் தள்ளிவிட்டுப் போகிற எந்த விளக்கமும் அரை விளக்கம்தான்.

ஆனால் அவர் சொன்னது ஒன்று, அவரைப் பிடித்துக்கொண்டவர்கள் சொல்வது ஒன்று. அகலமான நிலப்பரப்பு மொத்தமாக மெல்ல உயர்வது வேறு. ஒவ்வொரு மலை ஓரத்திலும் ஒரு பிளவு குதித்தது என்பது வேறு. இரண்டாவதை நம்ம ஊர் ஏற்குமா என்று பார்த்தால், மூன்று இடத்தில் இடிக்கிறது.

ஒன்று, கடிகாரம். மாயாறு, பவானிப் பட்டைகள் முக்கியமாக வேலை செய்த காலம் 250 கோடி ஆண்டு வாக்கிலும் 55 கோடி ஆண்டு வாக்கிலும். அதுவும் பாறை சூடாகி, மாவு போல இழுபடும் ஆழத்தில். பிந்தைய தேதியையே எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக, அரிப்பு 10 லட்சம் ஆண்டுக்கு வெறும் 5 மீட்டர்தான் என்று மிகக் கஞ்சத்தனமாக வைப்போம். 55 கோடி ஆண்டில் 2,750 மீட்டர் போயிருக்கும். அது தொட்டபெட்டாவின் உயரத்தை விட அதிகம். அன்றைக்கு எழுந்த சுவர் எதுவும் இன்றைக்கு நமக்குத் தெரிய வாய்ப்பில்லை. பட்டை பழையது, சுவர் புதியது. இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதால் ஒரே பிறந்தநாள் ஆகிவிடாது.

இரண்டு, சமவெளியின் வயிறு. நிலம் பிளந்து ஒரு பக்கம் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் இறங்கியிருந்தால் அந்தப் பள்ளத்தை எது நிரப்பியிருக்கும்? மலையிலிருந்து வந்த மண்ணும் கல்லும்தான். இமயமலைக்கு முன்னால் கங்கைச் சமவெளியில் வண்டல் கிலோமீட்டர் கணக்கில் கிடப்பது அதனால்தான். பெருந்துறைப் பக்கம் ஒரு பழைய கிணற்றை எட்டிப் பாருங்க. மேலே ரெண்டு மூணு அடி செம்மண், அதுக்குக் கீழே சுக்கான்கல், அப்புறம் கையால் பேர்க்கிற மாதிரி மக்கின பாறை, அப்புறம் வேட்டு வெச்சு உடைக்க வேண்டிய கரும்பாறை. கோவைக்கு மேற்கே மலையடிவாரத்தில் வண்டல் கொஞ்சம் தடிமனாக இருக்கும் இடங்கள் உண்டு. அதுவும் அடிக்கணக்கு, மீட்டர் கணக்குதான். கிலோமீட்டர் கணக்கு இல்லை. கொங்குச் சமவெளி உள்ளே விழுந்து மண் நிரம்பிய பள்ளம் அல்ல. பாறையையே தேய்த்து வைத்த தரை.

மூன்று, அருவி சாட்சி. நிலம் உயர்ந்தால் அருவி வரும், சரி. ஆனால் ஆறு சொத்தைக் கல்லை அறுத்துக்கொண்டு போய்க் கெட்டிக் கல்லில் முட்டி நின்றாலும் அருவி வரும். சாட்சி இரண்டு தரப்புக்கும் பேசினால் அந்தச் சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ராதாகிருஷ்ணாவின் கட்டுரையில் எனக்கு இருக்கும் பெரிய குறை இதுதான். நிலவடிவத்தை வைத்து உயர்வைச் சொல்கிறார், பிறகு உயர்வை வைத்து நிலவடிவத்தை விளக்குகிறார். இரண்டுக்கும் வெளியே நின்று தேதி சொல்லும் ஓர் அளவீடு வேண்டும்.

"அப்போ 1900 பூகம்பம்?" என்று கேட்பீர்கள். 1900 பிப்ரவரி 8-ஆம் தேதி கோவைப் பகுதியில் சுமார் 6 ரிக்டர் அளவுள்ள நடுக்கம் வந்தது உண்மைதான். நிலத்துக்குள் இறுக்கம் இருக்கிறது, பழைய பலவீனத்தில் அது எப்போதாவது விடுபடுகிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. நீலகிரியை அது கட்டியது என்பதற்கு அது ஆதாரம் இல்லை.

"தேய்ந்தது" என்பவர்கள்

கன்னல், லூஷே கட்டுரை வேறு மாதிரி. அபடைட் என்ற சிறு கனிமத்தில் இருக்கும் தடயங்களை எண்ணி ஓர் இடம் எவ்வளவு வேகமாக அரிபட்டது என்று சொல்லும் முறை ஒன்று உண்டு. அப்படிச் சொல்வதற்கு முன்னால் பாறையின் கடினத்தைக் கணக்கில் எடுங்கள் என்று அவர்கள் எச்சரிக்கிறார்கள். கூடவே சிதைவு இரண்டாகப் பிரிந்து போகும் ஒரு போக்கையும் முன்வைக்கிறார்கள். எளிமையாகச் சொன்னால் இப்படி. ஒரு பாறை சற்றே மேடாகிவிட்டால் மழைநீர் வழிந்து ஓடிவிடும், பாறை காய்ந்து கிடக்கும், மக்காது. பக்கத்துப் பள்ளத்தில் மண்ணும் ஈரமும் தங்கும், அடிப்பாறை ஊறி ஊறி மக்கும். மேடு மேடாகவே நிற்க, பள்ளம் இன்னும் பள்ளமாகும். தொடக்கத்தில் இருந்த சின்ன வித்தியாசம் காலப்போக்கில் மலையாகிவிடும்.

சங்ககிரியைப் பார்த்தால் இது கண்முன்னால் நடப்பது போல இருக்கும். வழவழப்பான வெற்றுப் பாறை, மண்ணே தங்காது. சுற்றிலும் நைஸ் பூமி மக்கிக் காடாகிவிட்டது. அங்கே எந்தப் பிளவும் எழும்ப வேண்டிய அவசியம் இல்லை. திருச்செங்கோட்டுக்கும் இதே கதைதான்.

பாலக்காட்டுக் கணவாய்க்கும் இது நன்றாகப் பொருந்துகிறது. வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் பெரும்பாலும் சார்னோகைட். நடுவில் கணவாய்த் தரையில் பெரும்பாலும் மைக்காவும் ஹார்ன்பிளெண்டும் உள்ள நைஸ். மைக்கா உள்ள கல் ஏடு ஏடாகப் பிரியும், தண்ணீர் புகும், சீக்கிரம் மக்கும். சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாசல் திறந்ததை விளக்க இது பாதி வழி கொண்டுவந்து விடுகிறது.

ஆனால் இந்தத் தரப்பையும் சும்மா விட முடியாது. சார்னோகைட் கெட்டி, அதனால் நீலகிரி உயரம் என்றால், அதே சார்னோகைட்டுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பரங்கிமலை ஏன் 100 மீட்டரைக்கூடத் தொடவில்லை? ஏற்காடு ஏன் நீலகிரியை விட ஆயிரம் மீட்டர் குறைவு? பாறை வகை, பக்கத்துக் கல்லை விட இது ஏன் மேடு என்று சொல்லும். கடல் மட்டத்திலிருந்து மொத்த நிலமும் ஏன் இவ்வளவு உயரம் என்று சொல்லாது. அந்த இடத்தில் ராதாகிருஷ்ணாவின் கேள்வி மறுபடி எழுந்து நிற்கிறது.

'கெட்டி' என்ற சொல்லே சூழலைப் பொறுத்தது. நீலகிரியின் மேல்தளத்தில் அதே கெட்டிக் கல், நூற்றாண்டு நூற்றாண்டாக மழையிலும் பனியிலும் ஊறித் தடித்த சிவப்பு மண்ணாகிக் கிடக்கிறது. சில இடங்களில் பாக்சைட்டே ஆகியிருக்கிறது. 1978-லும், 40 பேருக்கு மேல் இறந்த 2009 நவம்பரிலும் அங்கே சரிந்தது பெரும்பாலும் இந்த மக்கின போர்வைதான். மேலே மண்ணாகிப் போகும் கல், ஆண்டுக்கு 700 மி.மீ. சுற்றி மழை பெய்யும் நம்ம வறண்ட பூமியில் கருப்பாக அசையாமல் நிற்கிறது. எனவே பாறையின் பெயரை மட்டும் சொல்லி மலையை விளக்குவது, ஆளின் பெயரைச் சொல்லி அவன் குணத்தை விளக்குவது மாதிரி. எவ்வளவு மழை, எவ்வளவு சரிவு, பாறையில் விரிசல் எத்தனை அடிக்கு ஒன்று, இந்த மூன்றும் சேராமல் கடினம் என்ற சொல்லுக்குப் பொருள் இல்லை.

எது மிஞ்சுகிறது

இரண்டையும் உரசியபின் எனக்கு மிஞ்சுவது இதுதான். 55 கோடி ஆண்டுக்கு முந்தைய பூமியசைவு மலையை எழுப்பிவிட்டுப் போகவில்லை. பாறையை மாற்றிவிட்டுப் போனது. நசுக்குப் பட்டைக்குள் தண்ணீர் புகுந்து, உறுதியான சார்னோகைட்டை மைக்கா உள்ள நைஸாகத் திருப்பியது. ஏடுகளைச் செங்குத்தாக நிறுத்தியது. ஆழத்தில் நடந்த அந்த வேலை, மேலே இருந்த கிலோமீட்டர் கணக்கான பாறை தேய்ந்தபின் வெளியே வந்தது. அப்புறம் மாயாறும் பவானியும் தங்களுக்கு வசதியான சொத்தைக் கல்லைத் தேடிப் பிடித்துக்கொண்டன. அதனால்தான் ஆறு கோட்டில் ஓடுகிறது, மலை ஓரம் கோட்டில் நிற்கிறது. பூமியசைவா, பாறையா என்று கேட்பதே தவறான பிரிவினை. அசைவு பாறை வழியாகத்தான் நிலவடிவத்துக்குள் வருகிறது.

மொத்த நிலத்தின் உயர்வு என்பது தனிக் கணக்கு. பெரிய பரப்பு மெல்ல எழுந்தது என்ற ராதாகிருஷ்ணாவின் வாதம் அங்கே உயிரோடு இருக்கிறது. அது எப்போது, எவ்வளவு என்பதை அருவியைப் பார்த்துச் சொல்ல முடியாது, அளந்துதான் சொல்ல வேண்டும்.

இந்தப் பார்வைக்குப் பொருந்தும் இன்னொரு சின்ன விஷயம். வங்கக் கடலுக்கும் அரபிக் கடலுக்கும் தண்ணீரைப் பிரிக்கும் கோடு மலை முகட்டில்தானே இருக்க வேண்டும்? கணவாய்ப் பகுதியில் அது மலையை விட்டு இறங்கி, கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவே சமவெளியில் ஓடுகிறது. வெள்ளியங்கிரியில் பிறக்கும் நொய்யல் கிழக்கே நம்மிடம் வருகிறது. பொள்ளாச்சிப் பக்கத்து ஆழியாறு மேற்கே பாரதப்புழைக்குப் போகிறது. ஆறுகள் சொத்தைக் கல்லில் பின்னோக்கி அறுத்து, ஒன்றின் எல்லையை ஒன்று தின்றுகொண்டே வந்தால் இப்படித்தான் ஆகும்.

போர்வெல்லுக்கு வருவோம்

இதெல்லாம் எதற்கு என்றால், செயற்கைக்கோள் படத்தில் தெரியும் நேர்கோடுகளை 'லீனியமென்ட்' என்பார்கள். அந்தக் கோடு ஒவ்வொன்றும் பிளவு, பிளவு இருந்தால் தண்ணீர் இருக்கும் என்று ஒரு சங்கிலி நம்ம பக்கம் ஓடுகிறது. தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்தது போய், இப்போது வரைபடம் வைத்துப் பார்க்கிறார்கள். "கோடு உங்க காட்டு வழியாத்தானுங்க போகுது" என்று சொல்லி 1,000 அடி, 1,200 அடி இறக்கி, புகையை மட்டும் பார்த்துவிட்டு வண்டிக்காரருக்குப் பணம் எண்ணிக் கொடுத்த குடும்பங்கள் எத்தனை!

அந்தச் சங்கிலியின் முதல் கண்ணியே பலவீனம். படத்தில் தெரியும் கோடு திறந்த விரிசலாக இருக்கலாம். டாலரைட் டைக் என்ற கறுங்கல் சுவராகவும் இருக்கலாம், அது தண்ணீரைத் தடுக்கும். நைஸின் ஏட்டுக் கோடாக இருக்கலாம். நசுக்குப் பட்டையாகவும் இருக்கலாம். அந்தப் பட்டை ஆழத்தில், சூட்டில் உருவானது. மேலே மக்கின பகுதியில் அது தண்ணீர் தரும். ஆழத்தில் அது இறுகி ஒட்டிக் கிடக்கும் கல். கரும்பாறைப் பூமியில் தண்ணீர் பெரும்பாலும் மக்கின பகுதியிலும், அதற்குக் கீழே முதல் 100 மீட்டர் வாக்கில் உள்ள விரிசல்களிலும்தான். ஆழம் போகப் போக மேலிருக்கும் பாறையின் பாரம் விரிசலை மூடிவிடும். 'பிளந்தது' என்ற கதையை அப்படியே நம்பினால்தான், கோடு பாதாளம் வரை திறந்திருக்கும் என்ற நம்பிக்கை வரும்.

விரிசல் தண்ணீரை மட்டும் கொண்டுவருவதும் இல்லை. நொய்யலின் குறுக்கே சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் பாசனத்துக்காகத் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே திருப்பூர்ச் சாயக் கழிவு தேங்கும் இடமாகிவிட்டது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது விஷயம். அணைத் தண்ணீரைத் திறந்துவிட்டுக் காலி செய்யலாம். மக்கின பாறைக்குள்ளும் விரிசலுக்குள்ளும் இறங்கிய உப்பை அப்படிக் காலி செய்ய முடியாது. வண்டல் பூமியாக இருந்தால் அதன் போக்கை ஓரளவு ஊகிக்கலாம். நம்ம பூமியில் ஒரு கிணறு உப்பாகவும் அடுத்த காட்டுக் கிணறு நல்ல தண்ணியாகவும் இருப்பது, எந்த விரிசல் எதோடு சேர்கிறது என்பதைப் பொறுத்தது. ஆலை எங்கே வரலாம், குப்பை எங்கே கொட்டலாம் என்று முடிவெடுக்கும் வரைபடத்தில் "பிளவு இருக்கு, இல்லை" என்ற இரண்டு குறி மட்டும் போட்டால் போதாது என்று சொல்வது இதனால்தான்.

இதே நொய்யல் கரையில் கொடுமணலில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே கல்மணி செய்தார்கள். பெருந்துறையிலிருந்து தூரமில்லை. அகழாய்வில் பச்சைக்கல்லும் வெங்கச்சாங்கல்லும் மணிகளாகவும் வேலை முடியாத துண்டுகளாகவும் கிடைத்திருக்கின்றன. பச்சைக்கல் காங்கேயம் பக்கம் படியூரில் கிடைப்பது. அது எல்லாக் கல்லிலும் வராது, பெக்மடைட் என்ற நரம்புப் பாறையில்தான் வரும். அந்த நரம்பைத் தேடிப் போனவர்கள் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் போயிருப்பார்கள்.

அதனால் இனி யாராவது உங்க காட்டு வழியாக ஒரு கோடு வரைந்து காட்டினால், மூன்றைக் கேளுங்க. இந்தக் கோட்டை யாராவது தரையில் வந்து பார்த்தார்களா? கோட்டின் இரண்டு பக்கமும் என்ன கல்? பக்கத்துப் பழைய கிணற்றின் சுவரில் மக்கின பாறை எத்தனை அடி? மூன்றாவது கேள்விக்குக் காசு செலவில்லை. தூர்ந்து போவதற்கு முன்னால் ஒரு கிணற்றையாவது எட்டிப் பார்த்து, எந்த ஆழத்தில் என்ன கல் என்று அடிக்கணக்கோடு எழுதி வைத்து எனக்கும் அனுப்புங்க. பெருந்துறை, சென்னிமலை, காங்கேயம் பக்கத்துக் கிணறுகளின் கணக்கை ஒரே பட்டியலாகச் சேர்த்து அடுத்த குறிப்பில் போடலாம் என்று இருக்கிறேன்.